பனிக்கட்டியின்மேல் ஒரு சீவனம்

பிள்ளை எந்தத் தொழிலுக்குப் போகலாம் என்ற பேச்சு எம் வீடுகளில் எழுந்தால், சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே பென்சன் உண்டா என்று கேட்பது வழக்கம். அரசாங்க உத்தியோகத்தை நெடுங்காலம் நம்பி வாழ்ந்த சமூகம் அவ்வாறு கேட்பதில் வியப்பொன்றும் இல்லை. ஆயின் உலகிற் சில தொழில்கள் உள. அவற்றிற் புகுபவன் பதினெட்டு வயதிற் புகுகின்றான். முப்பத்தைந்தில் அவனைக் கிழவன் என்கின்றனர். நாம் கல்லூரியில் ஆசிரியராகக் காலூன்றத் தொடங்கிய வயதில் அவன் இளைப்பாறிவிடுகிறான். கனடா நாட்டுப் பனிக்கட்டி ஹொக்கி ஆட்டக்காரரின் தொழில் அத்தகையது.

மீன்வாடியிலும் குளிர்பானக் கடையிலும் அன்றி வேறெங்கும் பனிக்கட்டியைக் கண்டறியாத எமக்கு இந்த ஆராய்ச்சி ஏன் என வாசகர்கள் வினவலாம். ரொறன்ரோ நகரிற் குடியேறி வாழும் எம் ஒன்றுவிட்ட தமையனார் சில மாதங்களுக்கு முன் தொலைபேசியிற் பேசினார். அவருடைய இளைய மகனுக்கு வயது பதினைந்து. கோல் காப்பதில் வல்லவனாம். வெளியூர் இளைஞர் அணி ஒன்று அவனைத் தெரிந்தெடுக்கக்கூடும் என்று பயிற்றுநர் கூறுகிறார். தெரிந்தெடுத்தால் வீட்டைவிட்டுச் சென்று, அவ்வூரில் அந்நியர் வீடொன்றில் தங்கி, அங்குள்ள பள்ளியிற் படித்துக்கொண்டே ஆடவேண்டும். தாயார் இரண்டு நாளாய்ச் சரியாகச் சாப்பிடவில்லை. “தம்பி, நீர் படிப்பிக்கிறவர். நீர் சொன்னால் அவன் கேப்பான். வேண்டாம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லும்,” என்றார் தமையனார்.

வேண்டாம் என்று சொல்வது எளிது. அறியாத ஒன்றை வேண்டாம் என்பது படிப்பிக்கிறவனுக்கு அழகன்று. ஆகவே அத்தொழிலில் வாழ்ந்தவர்களின் வரலாறுகளைத் தேடிப் படிக்கலானோம்.

ஆட்டத்தைப்பற்றி இரண்டொரு வார்த்தை. பக்கத்துக்கு ஆறு பேர், அடியில் இரும்புத் தகடு பூட்டிய சப்பாத்தணிந்து, பனிக்கட்டித் தளத்தின்மேல் விரைவர். பந்துக்குப் பதிலாக மூன்று அங்குல அகலமும் ஓர் அங்குலத் தடிப்பும் உள்ள கெட்டியான றப்பர் வில்லை. வல்லவர் அடித்தால் அது மணிக்கு நூறு மைலுக்கு மேலான வேகத்திலும் பறக்கும். எதிரியை உடம்பால் மோதித் தள்ளுவதற்கும் விதியில் இடமுண்டு. இதனைத் தொழிலாக ஆடும் தேசிய ஹொக்கி லீக் 1917ஆம் ஆண்டில் மொன்றியலில் உருவாயிற்று. 1942 முதல் 1967 வரை அதில் ஆறே அணிகள்; அவற்றுள் இரண்டே கனடாவிலிருந்தன. ஆயினும் ஆடியவர் ஏறக்குறைய எல்லோரும் கனடியரே. அதாவது, அவ்வளவு பெரிய தேசத்துச் சிறுவர் அனைவரும் கனவு கண்ட தொழிலில் இருந்த இடங்கள் நூற்றுக்குச் சற்று மேல். அணிகள் இன்று 32.

அந்த நூற்றுச் சொச்சம் பேருள் முதல்வர் எனப் பலரும் கூறுவது கோர்டி ஹவ் என்பவரை. 1928இல் சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஏழைக் குடும்பமொன்றிற் பிறந்தவர். அயற்பெண் ஒருத்தி கொடுத்த மூட்டைக்குள் கிடந்த பழஞ் சப்பாத்துத்தான் அவருடைய முதற் சறுக்குச் சப்பாத்து. அதிலும் ஒன்றைத் தமக்கை எடுத்துக்கொண்டாளாம். 1946இல் டெற்றோயிற் அணிக்கு ஒப்பமிட்டபோது அவர் விரும்பிக் கேட்ட சலுகை, அணியின் பெயர் பொறித்த மேற்சட்டை ஒன்று. 1950இல் மண்டையோடு உடைந்து சத்திரசிகிச்சை செய்தார்கள். அடுத்த பருவத்தில் லீக் முழுவதிலும் அதிக புள்ளிகள் எடுத்தவர் அவரே. இத்தகையவர், தம் அணியில் மிகுந்த ஊதியம் பெறுபவர் தாமே என்று நெடுங்காலம் நம்பியிருந்தார். 1960களின் இறுதியில், புதிதாக வந்து சேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர், தாமும் இன்னொருவரும் அவரைவிடக் கூடுதலாகப் பெறுவதைச் சொன்ன பிறகே உண்மை விளங்கிற்று. இருபது ஆண்டுக்கு மேல் உழைத்தவருக்குத் தம் கூலியின் நிலை தெரியாதிருந்தது!

கேட்டவர் ஒருவர் இருந்தார். ஹவ்வின் பக்கத்திலேயே நின்று ஆடிய ரெட் லின்ட்சே, 1957இல், ஆட்டக்காரர் சங்கம் ஒன்றை அமைக்க முன்னின்றார். இளைப்பாற்று நிதிக்கு ஆண்டுதோறும் தாம் கட்டும் பணம் என்னவாயிற்று என்ற கணக்கைக் காட்டுங்கள் என்பது அவர்களுடைய கோரிக்கைகளுள் ஒன்று. லின்ட்சே தம் வாழ்நாளிலே மிகுதியான புள்ளிகள் எடுத்தது அந்தப் பருவத்திற்றான். அந்தக் கோடையிலேயே அவரைச் சிக்காக்கோ அணிக்கு மாற்றிவிட்டனர். அவருடைய பழைய தோழர்கள், ஹவ் உட்பட, ஆண்டு முடிவதற்குள் சங்கத்தைவிட்டு விலகினர். அவர்களைக் கோழைகள் என்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை. வெளியே ஆயிரம் பேர் காத்து நிற்கையில், உள்ளே இருக்கும் நூறு பேருக்குத் துணிவு எங்கிருந்து வரும்?

அக்காலத்து ஆட்டக்காரர் பலர் கோடையில் வேறு வேலை பார்த்தே குடும்பத்தைக் கொண்டுநடத்தினர். பியர் விற்றவர், கட்டட வேலை செய்தவர், கமம் செய்தவர் எல்லாம் உளர். ரொறன்ரோ அணியின் ரிம் ஹோட்டன் 1964இல் ஹமில்ரன் நகரில் இனிப்பு வடையும் கோப்பியும் விற்கும் கடை திறந்தார். எம் தமையனார் வேலைக்குப் போகும் வழியிற் கோப்பி வாங்குவது அப்பெயர்கொண்ட கடையொன்றிலேதான். அது ஓர் ஆட்டக்காரரின் பெயர் என்பதை நாம் சொல்லித்தான் அறிந்தார். கடைக்குப் பெயர் கொடுத்தவரோ 1974இல், 44 வயதில், இன்னும் ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே, கார் விபத்தில் மாண்டார்.

எம்மை மிகவும் வருத்தியது பொபி ஓரின் கதை. ஒன்ராறியோவின் பரி சவுண்ட் என்னும் சிற்றூரிற் பிறந்த அவரை 1962இல், பதினான்கே வயதில், பொஸ்ரன் அணி தனதாக்கிக்கொண்டது. பெற்றோருக்குக் கிடைத்தது சிறிது பணமும், ஒரு காரும், வீட்டுச் சுவருக்குப் புதுப் பூச்சும். பதினெட்டில் லீக்குக்கு வந்தார். பின்னணியில் நின்று காப்பவர் முன்னேறிச் சென்று கோலும் இடலாம் என்பதை உலகுக்குக் காட்டினார். சிறந்த காப்பாட்டக்காரருக்குரிய பரிசை எட்டாண்டு தொடர்ந்து வென்றார். முழங்கால் மட்டும் ஒத்துழைக்கவில்லை. சத்திரசிகிச்சைமேற் சத்திரசிகிச்சை. 1976இல் சிக்காக்கோவுக்குச் சென்றார். ஆட இயலாத பருவத்துக்குரிய சம்பளத்தை வாங்க மறுத்தார். 1978இல், முப்பது வயதில், விலகினார். விலகியபோதுதான் தம்மிடம் பணம் எதுவும் எஞ்சவில்லை என்பதைக் கண்டார். பொஸ்ரன் அணி தன் உரிமையிற் பதினெட்டரை வீதம் தரவும் முன்வந்திருந்தது என்பதை, அவருக்காகப் பேரம் பேசிய சட்டத்தரணி அலன் ஈகிள்சன் அவருக்கு எடுத்துச் சொல்லவே இல்லை என்கிறார் ஓர். இதே ஈகிள்சன்தான் 1967இல் எழுந்த ஆட்டக்காரர் சங்கத்துக்கும் தலைவர். 1998இல் மோசடிக் குற்றங்களை நீதிமன்றில் ஒப்புக்கொண்டு சிறை சென்றார்.

லின்ட்சே 1957இற் கேட்ட கணக்கும் ஈற்றில் நீதிமன்றத்திற்றான் தீர்ந்தது. இளைப்பாறிய ஆட்டக்காரர் எழுவர் 1991இல் லீக்குக்கு எதிராக வழக்கிட்டனர். தம் நிதியிற் சேர்ந்த மிகைப்பணம் தமக்கே உரியது என்று வாதாடி வென்றனர். லீக்கின் கடைசி மேன்முறையீடு 1994இற் பலிக்காமற் போயிற்று. வழக்கிட்ட எழுவருள் ஹவ்வும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 66.

இவ்வளவும் படித்தபின் சிறுவனுடன் பேசினோம். “சித்தப்பா, விளையாட வேண்டாம் எண்டுதானே சொல்லப் போறீங்கள்?” என்று அவனே தொடங்கினான். அப்படிச் சொல்லவில்லை. அணியார் எத்தாளை நீட்டினாலும், தகப்பனாரோடு உட்கார்ந்து வரி வரியாகப் படி. விளங்காத வரிக்கு, அவ்வணியிற் பங்கில்லாத சட்டத்தரணி ஒருவரைக் கேள் என்றோம். ஓர் இளைஞர் அணியில் ஆடும் ஒவ்வொரு பருவத்துக்கும் ஓராண்டுப் பல்கலைக்கழகச் செலவை அணியே ஏற்கும் ஏற்பாடு இக்காலத்தில் உண்டு. அதற்கும் நிபந்தனைகள் உள. அவற்றை எழுத்தில் வாங்கு என்றோம். தமையனாருக்கு எம்மேற் சிறிது மனத்தாங்கல். தாயார் அதன்பின் எம்முடன் பேசவில்லை. பையனின் முடிவு இதை எழுதும்வரை தெரியவில்லை.

அவன் கோல் காப்பவனாதலின் இரண்டு காப்பாளரைப்பற்றியும் அவனிடம் சொன்னோம். ரெறி சோச்சக் வின்னிபெக்கில் ஏழைப் பெற்றோருக்குப் பிறந்தவர். தமையன் பதினேழு வயதில் இருதய நோயால் இறக்க, அவன் கட்டிய காற்கவசமே தம்பிக்கு வந்தது. எதிரணிக்கு ஒரு கோலும் விடாமல் 103 போட்டிகளை முடித்தவர். அதை 2009வரை எவரும் முறியடிக்கவில்லை. நெடுங்காலம் முகமூடியின்றி நின்றதால் அவர் முகமெல்லாம் தையல். ஆட்டத்துக்கு வெளியே ஒரு வாழ்வை அவரால் அமைக்க முடியவில்லை. 1970இல், நாற்பது வயதில், சக ஆட்டக்காரர் ஒருவருடன் நேர்ந்த சச்சரவில் உட்காயமுற்று இறந்தார். மற்றவர் கென் ட்றைடன். பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற பின்னரே மொன்றியல் அணிக்கு வந்தவர்; ஆடிக்கொண்டே சட்டம் படித்தார். 1973இல், புகழின் உச்சியில், ஊதியம் தகுதிக்கு ஏற்றதன்று எனக் கண்டு, ஓராண்டு ஆட்டத்தை நிறுத்தி ரொறன்ரோவிற் சட்ட அலுவலகமொன்றிற் பயிலுநராக இருந்தார். திரும்பி வந்து ஆடி, ஆறு கிண்ணங்களோடு 1979இல், 31 வயதில், தாமே விலகினார். நூல் எழுதினார், பின்னாளில் அமைச்சரானார், 2025இற் காலமானார். ஆசிரியரான எமக்கு ட்றைடனையே பிடிக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

ஆயினும் ஹவ்வை அத்துடன் விட்டுவிட எம் மனம் ஒப்பவில்லை. மணிக்கட்டு வாதத்தால் 1971இல் விலகிய அவருக்கு டெற்றோயிற் அணி ஓர் அலுவலக அறையும் பதவியும் கொடுத்தது. வேலை மட்டும் கொடுக்கவில்லை. 1973இல், எம் வயதொத்த 45ஆம் வயதில், மீண்டும் சப்பாத்தைக் கட்டி, ஹூஸ்ரன் நகரத்து அணியொன்றிற் சேர்ந்தார். காரணம், அவ்வணியில் ஆடவந்த புதியவர் இருவர் அவருடைய மைந்தர் மாட்டியும் மார்க்கும். மூத்தவனுக்குப் பத்தொன்பது, இளையவனுக்குப் பதினெட்டு. 52ஆவது பிறந்தநாளைக் கண்ட 1980ஆம் ஆண்டுப் பருவத்தில், அணியின் 80 போட்டிகளிலும் இறங்கி 15 கோல்கள் இட்டார்.