வளைந்த மார்க்கெட்

டோக்கியோ போகிறவர்கள் கோயில் பார்ப்பார்கள், டவர் ஏறுவார்கள். நான் 2014-ல் போனபோது மீன் மார்க்கெட் பார்க்கணும் என்றேன். சிரிக்காதீர்கள். ஒரு ஊர் என்ன சாப்பிடுகிறது என்பது ஓட்டலில் தெரியாது. விடியுமுன் மார்க்கெட்டில் தெரியும்.

சுகிஜி மார்க்கெட் அப்போது இருந்தது. உறைந்த சூரை மீன்கள் ஆவி பறக்கத் தரையில் வரிசையாகக் கிடந்தன. ரப்பர் பூட்ஸ் ஆசாமிகள் வால் வெட்டில் டார்ச் அடித்து, சதையைக் கிள்ளி, விரலில் தேய்த்துக் கொழுப்பு பார்த்தார்கள். மணி அடித்தது. ஏலக்காரர் மந்திரம் மாதிரி ஏதோ ஓத, இவர்கள் விரலை மட்டும் காட்டினார்கள். நீங்கள் கண் சிமிட்டுவதற்குள் ஒரு மீன் விலைபோய்விடும்.

அந்தக் கட்டடம் ஏன் வளைந்திருந்தது தெரியுமா? நிஹோன்பாஷியில் சுமார் 300 வருஷம் நடந்த பழைய மார்க்கெட் 1923 பூகம்பத்தில் அழிந்தது. 1935-ல் சுகிஜி திறந்தபோது மீன் ரயிலில் வந்தது. தண்டவாளம் வளைய, கட்டடமும் கூடவே வளைந்தது. பிற்பாடு ரயில் நின்றுபோச்சு. லாரி வந்தது. வளைவு மட்டும் மிச்சம்.

உள்ளே, கிட்டத்தட்ட வாள் நீளக் கத்தியால் சூரையை வெட்டிக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். பக்கத்துச் சின்னக் கூண்டில் மனைவி கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். மார்க்கெட் இடம் மாறப்போகிறதே, நீங்களும் போவீர்களா என்று நண்பர் மூலம் கேட்டேன். "புதுக் கடைக்குக் கடன் வாங்கணும். மகன் பாங்கில் வேலை பார்க்கிறான். யாருக்காக வாங்க?" என்றுவிட்டு மறுபடி வெட்ட ஆரம்பித்தார்.

மாற்றியதே தப்பு என்று சொல்ல மாட்டேன். பழையது திறந்த கொட்டகை, ஆஸ்பெஸ்டாஸ் வேறு. ஆனால் புது இடமான டொயோசு, முன்பு எரிவாயுத் தொழிற்சாலை இருந்த மண். பென்சீன் கலந்த மண்ணில் மீன் வியாபாரமா? கவர்னர் யூரிகோ கொய்கே 2016-ல் இடமாற்றத்தைத் தள்ளிப்போட்டார். கடைசியில் 2018 அக்டோபர் 6-ம் தேதி சுகிஜியை மூடி, 11-ம் தேதி டொயோசுவைத் திறந்தார்கள். சின்ன வியாபாரிகள் பலர் அங்கே போகாமலே கடையை மூடிவிட்டார்கள். அந்தத் தம்பதி என்ன ஆனார்களோ!

டொயோசுவில் எல்லாம் மூடிய, குளிரூட்டிய கூடம். வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு மாடியில் கண்ணாடி ஜன்னல். 2019 புத்தாண்டு ஏலத்தில் 278 கிலோ சூரை ஒன்று 33.36 கோடி யென்னுக்குப் போனது. அதுவரை இல்லாத விலை. கண்ணாடி வழியாக வாசனை மட்டும் வராது.

சுகிஜியின் வெளிக்கடைகள் இன்னும் பழைய இடத்திலேயே இருக்கின்றன. போனால் கத்திக் கடையை விடாதீர்கள். வாங்கினால் பெட்டியில் போட்டு லக்கேஜில் அனுப்பிவிடுங்கள், விமானத்துக்குள் கையில் கொண்டுபோக விடமாட்டார்கள்.