திண்டுக்கல் டு ஒட்டன்சத்திரம்: மைலேஜைத் தின்பது இன்ஜினா, டயரா?

காலை ஆறு மணி. மலைக்கோட்டைப் பாறையின் உச்சியில் வெயில் விழ ஆரம்பித்திருக்கிறது. திண்டுக்கல் ஊர் எல்லையில் ஒரு பெட்ரோல் பங்க். திருச்சியிலிருந்து பழனிக்குப் போகும் குடும்பம், கரூரிலிருந்து கொடைக்கானலுக்குக் கிளம்பிய கல்லூரிப் பையன்கள், முதல் சவாரிக்குத் தயாராகும் டாக்ஸி என வரிசை நீள்கிறது. ‘ஃபுல் பண்ணுங்கண்ணே’ என்ற குரல் எல்லா வண்டியிலிருந்தும் வருகிறது. பங்கின் ஓரத்தில் காற்றடிக்கும் ஹோஸ் சுருண்டு கிடக்கிறது. அந்தப் பக்கம் ஒரு வண்டியும் திரும்புவதில்லை. இத்தனைக்கும் அங்கே காற்று இலவசம். எந்த பங்க்காக இருந்தாலும் அதை இலவசமாகத் தரவேண்டும் என்பது விதி.

திண்டுக்கல்லைச் சுற்றி மலைகள்தான் கண்ணில் படும். கிழக்கே சிறுமலை, தென்மேற்கே பழனி மலைத்தொடர். ஆனால், இந்த ஊர்க்காரர்களின் கார்கள் பெரும்பாலும் ஓடுவது இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற சமவெளியில். பழனி ரோட்டில் ரெட்டியார்சத்திரம் தாண்டி ஒட்டன்சத்திரம் வரைக்கும் தென்னையும் முருங்கையுமாகத் தோட்டங்கள் கூடவே வரும். பெரிய ஏற்றம் கிடையாது. காய்கறி லாரிகளுக்குப் பின்னால் 50, 60 கி.மீ. வேகத்தில்தான் போகமுடியும். இப்படிப்பட்ட ரோட்டில் பெட்ரோலை எது அதிகம் தின்கிறது?

ஒரு சின்னக் கணக்கு. ஆட்களோடு சேர்த்து சுமார் 1,100 கிலோ எடையுள்ள கார். சாதாரண டயர், நல்ல தார் ரோடு. டயர் உருள்வதாலேயே அந்த காரை ஏறக்குறைய 11 கிலோ விசை பின்னுக்கு இழுக்கிறது. அரிசி மூட்டையில் பாதியைக் கயிற்றில் கட்டி யாரோ பின்னாலிருந்து இழுத்துக்கொண்டே வருவதுபோல. 50 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று இழுப்பது 8 கிலோவைத் தொடாது. அதாவது, 60 வரைக்கும் டயர்தான் பெரிய செலவாளி. நான்கு வழிச்சாலையில் ஏறி 100-ஐத் தொட்டால் கதை மாறும். காற்றின் இழுவை 30 கிலோவை எட்டிவிடும், டயர் பின்னால் போய்விடும். ஆக, சென்னை நெடுஞ்சாலையில் பறக்கிறவரைவிட, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கும் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கும் நடையாக நடக்கிற டாக்ஸிக்காரருக்குத்தான் டயர் முக்கியம்.

டயர் ஏன் இழுக்கிறது? ரப்பர் ஒவ்வொரு சுற்றிலும் ரோட்டில் பட்டு நசுங்கி, மறுபடி நிமிர்கிறது. நசுக்கச் செலவான சக்தி முழுதாகத் திரும்பி வருவதில்லை, ஒரு பங்கு சூடாகிப் போய்விடுகிறது. ஒட்டன்சத்திரத்தில் டீ குடிக்க இறங்கும்போது டயரைத் தொட்டுப் பாருங்கள். ரோட்டுச் சூட்டைக் கழித்துவிட்டால், மிச்சமிருக்கிற அந்த வெதுவெதுப்பு பங்கில் காசு கொடுத்து வாங்கியது.

இந்த ஊர் விவசாயிகளுக்கு இது புதிய பாடம் இல்லை. இரும்புப் பட்டை போட்ட கட்டை வண்டியை விட்டு டயர் வண்டிக்கு மாறியபோது மாடுகள் சுலபமாக இழுத்தன. காரணம், மேடு பள்ளமும் புழுதியும் நிறைந்த வண்டிப் பாதை. அங்கே அகலமான, மெத்தென்ற சக்கரம் புதையாமல் போகும். தார் ரோடு வந்ததும் கணக்கு தலைகீழ். கடினமான தரையில் நசுங்காத சக்கரமே ஜெயிக்கும். திண்டுக்கல் ஜங்ஷனில் நிற்கும் ரயிலைப் பாருங்கள்... இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம். அதன் உருளும் இழுவை கார் டயரைவிடப் பல மடங்கு குறைவு. காருக்கு இரும்புச் சக்கரம் மாட்டமுடியாது. ஆனால், டயர் தேவைக்கு மேல் நசுங்காமல் பார்த்துக்கொள்ள முடியும். அதற்குத்தான் அந்த ஹோஸ்.

எவ்வளவு காற்று? டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பல கார்களில் அதில் இரண்டு அளவுகள் இருக்கும். ஒன்று சாதாரண நாளுக்கு, இன்னொன்று முழு பாரத்துக்கு. தைப்பூசத்துக்கு ஐந்து பேர், டிக்கி நிறைய மூட்டை என்று பழனிக்குக் கிளம்பும்போது பார்க்கவேண்டியது இரண்டாவது. பங்கில் பையன் ‘எவ்ளோ வைக்கணும்ண்ணே’ என்று கேட்டால், ‘எல்லாருக்கும் வைக்கிறதையே வைப்பா’ என்பதுதான் நம்மில் பலரின் பதில்!

அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி, நான்கு டயரிலும் சராசரியாக ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 சதவிகிதம் குறையும். ஆறு குறைந்தால் 1.2 சதவிகிதம். வருடத்துக்கு 12,000 கி.மீ. ஓட்டுகிற, லிட்டருக்கு 16 கொடுக்கிற குடும்பக் காருக்கு இது 9 லிட்டர்தான். ஊதிப் பெரிதாக்க வேண்டாம். பெரிய நஷ்டம், டயரின் இரு ஓரங்களும் சீக்கிரம் தேய்ந்து, ஒரு செட்டை முன்கூட்டியே மாற்றவேண்டி வருவது. கோடையில் காற்று குறைந்த டயர் கூடுதலாகச் சூடேறி நெடுஞ்சாலையில் வெடிக்கிற ஆபத்து அதைவிடப் பெரியது. அதற்காக அளவுக்கு மேல் அடித்து மைலேஜ் பிடிக்கலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. பிடிக்கலாம்தான். நடுப்பகுதி மட்டும் ரோட்டைத் தொடும் டயரால் பிரேக்கைப் பிடிக்க முடியாது.

டயர் கடை வாசலில்தான் அடுத்த செலவு காத்திருக்கிறது. பளபளக்கும் அலாய், அகலமான டயர். ‘அலாய் என்றால் எடை குறைவு, மைலேஜ் கூடும்’ என்று சொல்லி விற்பார்கள். ஒரே அளவில் நல்ல அலாய் வீல் இரும்பு வீலைவிட எடை குறைவாக இருக்கலாம். ஆனால், 14 இன்ச்சை விட்டு 16 இன்ச் அலாய்க்குப் போனால் எடை பெரும்பாலும் கூடத்தான் செய்யும். நாகல் நகர், பேகம்பூர் பக்கம் அடிக்கு ஒருமுறை நின்று கிளம்பும்போது, சுழலும் விளிம்பில் இருக்கிற ஒவ்வொரு கிலோவும் காருக்குள் இருக்கும் கிலோவைவிட அதிகம் உறுத்தும். நேர் ரோட்டில் ஒரே சீராகப் போகும்போது அந்த வித்தியாசம் தெரியாது. அங்கே உறுத்துவது அகலம். அகல டயர் காற்றையும் அதிகம் தடுக்கும்.

இங்கேதான் மைலேஜ் கணக்கே ஏமாற்ற ஆரம்பிக்கிறது. டாக்ஸி ஸ்டாண்டுகளில் அதிகம் தென்படும் மாருதி டிசையரை எடுத்துக்கொள்வோம். கம்பெனி கொடுத்த ஓர் அளவு 165/80 ஆர்14. விலை கூடிய மாடலில் வருவது 185/65 ஆர்15. பார்க்க வேறு வேறாக இருந்தாலும் இரண்டின் விட்டமும் ஏறத்தாழ 620 மில்லிமீட்டர். மீட்டர் குழம்பாது. ஆனால், 14 இன்ச் வண்டிக்கு ஆசைப்பட்டு 195/65 ஆர்15 மாட்டினால் விட்டம் 634-ஐத் தாண்டிவிடும். மீட்டர் 1,000 கி.மீ. காட்டும்போது வண்டி உண்மையில் 1,024 கி.மீ. ஓடியிருக்கும். மைலேஜ் சரிந்துவிட்டதாக மெக்கானிக்கிடம் ஓடுவார்கள். சரிந்ததில் ஒரு பங்கு அகல டயரின் வேலை, இன்னொரு பங்கு மீட்டரின் பொய். எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க யாருக்கு நேரம்?

இதே பொய், எதிர்த் திசையில் சொல்லப்படும்போதுதான் உயிரோடு விளையாடுகிறது. ‘பழைய டயர்ல நல்லா கொடுத்துச்சு, புது டயர் போட்டதும் மைலேஜ் போச்சு’ என்ற புலம்பலை எந்த டாக்ஸி ஸ்டாண்டிலும் கேட்கலாம். அவர்கள் பொய் சொல்லவில்லை. தேய்ந்த டயரில் நசுங்குவதற்கு ரப்பர் குறைவு, அதனால் நிஜமாகவே கொஞ்சம் லேசாக உருளும். கூடவே, புது டயரில் ஏறக்குறைய 8 மி.மீ. இருக்கும் பள்ளம் தேய்ந்து 1.6 மி.மீ. ஆகும்போது சக்கரம் சுமார் 2 சதவிகிதம் சிறுத்துவிடும். 980 கி.மீ. ஓடினாலே மீட்டர் 1,000 என்று காட்டும். இரண்டும் சேர்ந்து மொட்டை டயருக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்துவிடுகின்றன. அந்த நல்ல பெயரை நம்பி இன்னும் ரெண்டு மாதம் தள்ளலாம் என்று ஓட்டும்போது ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும். தண்ணீரை வெளியே தள்ளப் பள்ளம் இல்லாத டயர் ரோட்டைத் தொடாமல் தண்ணீர் மேல் மிதக்கும். சட்டப்படியே காருக்கு 1.6 மி.மீ.தான் கடைசி எல்லை. டயரின் பள்ளத்துக்குள் சின்ன மேடு ஒன்று வைத்திருப்பார்கள். தேய்மானம் அந்த மேட்டைத் தொட்டால் டயரின் ஆயுள் முடிந்தது.

சரி, புதிதாக வாங்கும்போது எதைப் பார்ப்பது? ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிற நட்சத்திர ஸ்டிக்கர் போலவே, டயருக்கும் மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ. நட்சத்திரக் குறியீடு கொண்டுவந்திருக்கிறது. நட்சத்திரம் கூடினால் உருளும் இழுவை குறைவு. தவிர, 2022 ஜூனில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கார், பஸ், லாரி டயர்களுக்கு ஏ.ஐ.எஸ். 142 என்ற தரத்தை விதியாக்கியது. அது உருளும் இழுவை, ஈர ரோட்டுப் பிடிமானம், சத்தம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறது. சேர்த்துப் பார்ப்பதுதான் முக்கியம். லேசாக உருளவேண்டும் என்று மட்டும் செய்தால் மழையில் பிடிமானம் கைவிடக்கூடும்.

இதனால் எவ்வளவு மிச்சம்? உருளும் இழுவையை 10 சதவிகிதம் குறைத்தால் எரிபொருள் 1 முதல் 2 சதவிகிதம் மிச்சமாகும் என்று 2006-ல் அமெரிக்காவின் தேசிய அகாடமிகள் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. வருடம் 60,000 கி.மீ. ஓடி, லிட்டருக்கு 20 கொடுக்கும் டாக்ஸி 3,000 லிட்டர் குடிக்கிறது. அதில் 3 சதவிகிதம் மிச்சமானாலே 90 லிட்டர். டயர் கடையில் நல்ல டயருக்கும் மலிவு டயருக்கும் இருக்கும் விலை வித்தியாசத்தின் பக்கத்தில் இந்த 90 லிட்டரையும் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலைப்பாதை தொடங்கும்போது இந்தக் கணக்கெல்லாம் பின்னால் நின்றுவிடும். சமவெளியிலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்துக்கு ஒரு காரைத் தூக்கவே இரண்டு லிட்டருக்கு மேல் வேண்டும். அங்கே டயரிடம் கேட்கவேண்டியது மைலேஜ் இல்லை, இறங்கும்போது வளைவில் பிடிமானம் மட்டுமே.

சாயங்காலம் அதே பங்க். பழனிக்குப் போன குடும்பம் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. என்ன தோன்றியதோ, அந்த அப்பா காரை நேராகக் காற்றடிக்கும் மூலைக்கு ஓட்டிப் போகிறார். ‘கொஞ்சம் அதிகமா காட்டுதே, இறக்கிடட்டுமா தம்பி?’ பையன் டயரைத் தொட்டுப் பார்க்கிறான். 10 டிகிரி சூடு ஏறினாலே ஒன்றரை பி.எஸ்.ஐ. வரை கூடும். சூட்டில் இறக்கினால் விடியும்போது குறைந்து நிற்கும்.

‘இறக்காதீங்கண்ணே, சூடா இருக்கு. காலைல வண்டி எடுத்ததும் வாங்க.’