ஐந்தாவது மட்டக்குதிரை

குதிரைப் பந்தயம் என்றதும் கிண்டியையும், அங்கே பொருளை இழந்து கலங்கி நின்ற குடும்பங்களையும் எண்ணிப் பழகியவர்கள் நாம். 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், விடுமுறையில் சென்றிருந்த குரு ஒருவருக்குப் பதிலாக இங்கிலாந்தின் நடுப்பகுதியில் பணியாற்றி வந்தோம். அப்போது பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் வந்து, "சனியும் ஞாயிறும் எங்கள் மகளின் குழு குதிரை விளையாட்டில் கலந்துகொள்கிறது, தாங்களும் வரவேண்டும், ஃபாதர்" என்று அழைத்தார். சற்றுத் தயங்கியே இசைந்தோம்.

சனிக்கிழமை வைகறையில் புறப்பட்டோம். தந்தை வாரநாட்களில் சரக்கு லாரி ஓட்டுபவர். வார இறுதியிலும் அவருக்கு வண்டியோட்டமே வாய்த்திருந்தது. காரின் பின்னால் குதிரையை ஏற்றிய இழுவண்டி. தாய் மருத்துவமனைச் செவிலியர். பதினைந்து வயது மகன், பதினொரு வயது மகள். பின்னால் நின்ற மட்டக்குதிரைக்கு வயது இருபத்திரண்டு. அது அவர்களுக்குச் சொந்தமன்று. வேறொரு வீட்டுப் பெண் வளர்ந்து உயர்ந்துவிட, அவ்வீட்டார் இக்குடும்பத்திற்கு அதை இரவலாகத் தந்திருந்தனர். தீனியும் லாடமும் மருத்துவமும் இரவல் பெற்றவர் பொறுப்பு. ஆறேழு வாரங்களுக்கொருமுறை லாடம் மாற்றவேண்டும் என்றார் தந்தை, வேறு கணக்கு எதுவும் சொல்லாமல்.

ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில் மச் வென்லாக் என்னும் சிற்றூருக்கு அருகே ஒரு புல்வெளி. வடக்கே ரெக்கின் குன்று பனிமூட்டத்திற்குள் பாதி மறைந்திருந்தது. இவ்வூரை நம் வாசகர் அறிந்திருக்க வழியில்லை. ஆயினும் ஒலிம்பிக் விளையாட்டின் வரலாற்றில் இதற்கு ஓர் இடம் உண்டு. வில்லியம் பென்னி புரூக்ஸ் என்ற ஊர் மருத்துவர் 1850-இல் இங்கே "ஒலிம்பியன்" விளையாட்டுகளைத் தொடங்கினார். 1890-இல் பிரான்சு நாட்டுக் கூபர்தேன் வந்து அவற்றைக் கண்டு சென்றார். ஏதென்சு நகரில் 1896-இல் புதிய ஒலிம்பிக் தொடங்குவதற்குச் சில திங்கள் முன்னரே புரூக்ஸ் மறைந்துவிட்டார். அவருடைய விளையாட்டுகளில் மக்கள் பெரிதும் விரும்பியது, குதிரையில் விரைந்து வந்து தொங்கும் வளையத்தை ஈட்டி முனையில் கோத்தெடுக்கும் போட்டியாம். அன்று நாம் கண்ட சிறுவர்களும் மரவாளால் வளையங்களைக் கோத்தெடுத்தார்கள்!

இச்சிறுவர்களின் சங்கத்திற்குப் போனி கிளப் என்று பெயர், 1929-இல் தோன்றியது. விலையுயர்ந்த குதிரை வாங்க இயலாத வீட்டுப் பிள்ளைகளும் குழுவாய்ப் போட்டியிட ஒரு வழி வேண்டுமென்று இளவரசர் பிலிப் விரும்பியதால், 1957-இல் அவர் பெயரால் ஒரு கோப்பை ஏற்பட்டது. அப்போட்டியை உருவாக்கியவர் கர்னல் மைக் ஆன்செல். இரண்டாம் உலகப்போரில் கண்பார்வையை இழந்தவர். கண்ணும் கையும் ஒருங்கே செயற்படவேண்டிய இவ்விளையாட்டுக்கு வடிவம் தந்தவர் தாம் ஒன்றையும் காணாதவர் என்றறிந்து வியந்தோம். இத்தகைய ஆட்டங்களை ஆங்கிலேயர் "ஜிம்கானா" என்பர். அது இந்தியாவிலிருந்து அவர்கள் கொண்டுசென்ற சொல்.

அன்று நடந்தது கோப்பைக்குரிய போட்டியன்று. அக்கம்பக்கத்துக் கிளைகள் கூடிய நட்புப் போட்டியே. ஆயினும் விதிகள் அவையே. குதிரையின் உயரம் 148 சென்டிமீட்டரைத் தாண்டலாகாது. சாட்டையும் குதிமுள்ளும் கூடா. ஒருவர்பின் ஒருவராக நால்வர் ஓடவேண்டும். கடைசியில் ஓடுபவர் தலைக்கவசத்தில் வெள்ளைப் பட்டை அணியவேண்டும். குழுவில் இருப்பவரோ ஐவர்!

நம் தோழியான சிறுமியே அந்த ஐந்தாமவள். சனிக்கிழமை முழுவதும் ஏறத்தாழ எல்லா ஆட்டங்களிலும் அவள் கோட்டிற்கு வெளியே தன் குதிரையோடு நின்றாள். அவளுக்காக நான்கு மணிக்கு எழுந்த தாய், பிறர் பிள்ளைகளின் பெயரைச் சொல்லித் தொண்டை கட்டும்வரை ஆர்ப்பரித்தார். தந்தை சாணம் அள்ளினார். உலர்புல் வலையைக் கட்டினார். மகன் தண்ணீர் வாளிகளைச் சுமந்தான். முகம் மட்டும் கடுகடுத்திருந்தது. தனித்திருந்தபோது அவனை வினவினோம். "இன்று என் கிரிக்கெட் ஆட்டம் இருந்தது. அவள் நின்றுகொண்டிருப்பதைப் பார்க்க நாங்கள் நால்வரும் வரவேண்டுமா?" என்றான். நமக்கு விடை தோன்றவில்லை. அவன் சொன்னதில் நியாயம் இருந்தது என்றே இன்றும் எண்ணுகிறோம். ஒரு பிள்ளையின் ஆசைக்காக மற்றொரு பிள்ளையின் சனிக்கிழமைகள் கரைவதைப் பெற்றோர் எப்போதும் காண்பதில்லை.

மாலைத் திருப்பலிக்காக நாம் திரும்பினோம். அவர்கள் புல்வெளியிலேயே கூடாரமடித்துத் தங்கினர். இரவெல்லாம் மழை. ஞாயிறு காலைக் கடமைகள் முடிந்தபின், அன்பர் ஒருவர் தம் காரில் நம்மை மீண்டும் அங்கே சேர்த்தார்.

நண்பகலில் ஒரு குதிரையின் லாடம் கழன்றது. வெள்ளைப் பட்டை நம் சிறுமியின் தலைக்கு வந்தது. ஆட்டமோ வாளியும் காலுறையும்: கோட்டின் அப்பால் இறங்கி, சுருட்டிய காலுறையை எடுத்துக்கொண்டு மீண்டும் ஏறி, நடுவிலுள்ள வாளியில் அதனைப் போட்டு எல்லையை அடையவேண்டும். அவள் முறை வந்தபோது அவர்கள் குழுவே முன்னணியில் இருந்தது. பறந்து வந்தாள், குனிந்து போட்டாள். காலுறை வாளியின் விளிம்பில் பட்டு வெளியே சேற்றில் விழுந்தது. அவள் அதை அறியாமல் எல்லையை நோக்கித் திரும்பினாள். அப்படியே முடித்திருந்தால் அந்த ஆட்டத்தில் குழுவே நீக்கப்பட்டிருக்கும்.

"திரும்பு! இறங்கு!" என்றொரு குரல் எழுந்தது. வாளி சுமந்த தமையனின் குரல் அது! கயிற்றின்மேல் பாதி உடலைச் சாய்த்துக் கொண்டு அவன் கத்தினான். அவள் திரும்பினாள், இறங்கினாள். கிழட்டுக் குதிரை பாறைபோல அசையாமல் நின்றது. இரு குதிரைகள் அவளைக் கடந்து பாய்ந்தன. ஈரக் காலுறையை வாளியில் வைத்துவிட்டு ஏற முயன்றாள். ஈரமான அங்கவடியில் கால் ஒருமுறை வழுக்கியது, மறுமுறை ஏறினாள். மூன்றாவதாய் வந்து சேர்ந்தாள். இரு நாள் கணக்கில் குழுவிற்கு நான்காமிடம்.

அந்தக் காலுறையைப் பற்றிக் குழுவில் எவரும் வாய் திறக்கவில்லை. பயிற்சியாளர் ஒரு பன் ரொட்டியை அவள் கையில் திணித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். அவளோ பாதி ரொட்டியைக் குதிரைக்கே கொடுத்தாள். அடுத்த ஆண்டு அவளுக்கும் உயரம் மிகுந்துவிடும், குதிரை வேறொரு வீட்டிற்குப் போகும் என்று தாய் தாழ்ந்த குரலில் நம்மிடம் சொன்னார். அவளுக்கும் அது தெரியுமாம்.

திரும்பும் வழியில் அவள் தமையனின் தோளில் சாய்ந்து உறங்கிவிட்டாள். சேறு அவன் சட்டையெல்லாம் அப்பியது, அவன் நகரவில்லை. "வரும் சனிக்கிழமை உன் ஆட்டம் எத்தனை மணிக்கு?" என்று தந்தை சாலையைப் பார்த்தபடியே கேட்டார். பத்து மணிக்கு என்றான் அவன்.