மரத்துக்கு ஓர் உறை

ஒரு பொருளை ஆக்கியோரை உலகம் போற்றும். ஆக்கியதைக் கெடாது காப்போரை நினைப்பது அரிது. இவ்வுண்மையை நாம் தெளிவாகக் கண்டது ஒரு பாய்ப்படகிலாகும்.

இங்கிலாந்தின் தென்கரையில் வாழும் எம் பழைய மாணவர் ஒருவர் சிறு பாய்ப்படகொன்று வைத்திருக்கின்றார். விடுமுறையில் அவரிடஞ் சென்றிருந்த நாம், படகின் மேற்றளத்துக் கைபிடி மரங்களுக்கு அவர் உறை தைத்தபோது, துணியைப் பிடித்துக் கொடுத்து உடனிருந்தோம். அம்மரம் தேக்கு. ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் ‘டீக்’ என்னும் பெயர், எம்மவர் வழங்கும் தேக்கு என்னுஞ் சொல்லுக்கு இனமான மலையாளச் சொல் போர்த்துக்கேய மொழி வழியாகச் சென்று திரிந்ததாகும். இதனை நாம் கூற, அவர் பெரிதும் மகிழ்ந்தார்.

வார்னிஷ் பூசிய மரத்துக்குப் பெரும்பகை உப்புநீரன்று, வெயிலே. வர்ணப்பூச்சு ஒளியை மறிக்கும், வார்னிஷோ தெளிவானது. மரத்தின் அழகை எமக்குக் காட்டும் அத்தெளிவே, புறஊதாக் கதிருக்கும் வழிவிடுகின்றது. கதிர் பட்டு மரநார்களைப் பிணைக்கும் இலிக்னின் சிதைய, மேலுள்ள பூச்சுப் பற்றிழந்து உரியும். அவ்விடத்தே நீர் புகுந்து மரம் கறுக்கும்.

இதைத் தடுப்பதே உறை. முற்காலத்துப் பருத்திக் கித்தான் ஈரத்தால் பூஞ்சணம் பிடித்து இற்றுப்போகும். அமெரிக்காவில் 1961 ஆம் ஆண்டு ‘சன்பிரெல்லா’ என்னும் அக்கிரிலிக் துணி வெளிவந்தது. இழையாகும் முன்னரே நிறமூட்டப்படுவதால் அது எளிதில் வெளிறாது. காற்றையும் ஓரளவு புகவிடும். ஆயினும் துணி நிலைக்க நூல் முந்தி அறுவதுண்டு. வெயில் பட்டுப் பொலியெஸ்டர் நூல் நாளடைவில் வலுவிழக்கும். ஆகவே, விலை மிகுந்ததாயினும், வெயிலுக்கு அசையாத ‘டெஃப்லோன்’ வகை நூலைச் சிலர் நாடுவர்.

மாணவர் முதலில் மரத்தின்மேல் ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளை விரித்து அளவு வரைந்தார். தையலுக்கு இடம்விட்டுத் துணியை வெட்டினார். கைபிடியின் கால்கள் நிற்குமிடங்களிற் பிளவு விட்டு, அடியில் அழுத்துப் பொத்தான்கள் வைத்தார். உறை சற்றுத் தளர்வாக இருத்தல் வேண்டும்; இறுகினால் ஈரம் உள்ளே தங்கும். போர்த்துமுன் நன்னீரால் உப்பைக் கழுவுதலும் வேண்டும். இன்றேல் உப்புப் பரல் உறையோடு உராய்ந்து வார்னிஷைத் தேய்க்கும்.

“வார்னிஷ் பூசுவது ஒரு கிழமை வேலை, ஐயா, உறை போடுவது ஐந்து நிமிடந்தான். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தை ஒவ்வொரு முறையும் தவறாமற் செய்வதுதான் கடினம்” என்றார் அவர்.

எத்துணை உண்மை! ஒருமுறை செய்யும் பெருஞ்செயலுக்கு ஊக்கமும் பாராட்டும் துணை நிற்கும். நாள்தோறும் செய்யும் சிறுசெயலுக்குக் கடமையுணர்ச்சி ஒன்றே துணை. ஏட்டுச்சுவடிகளைத் துணியிற் பொதிந்து வைத்த எம் முன்னோரும் இதனை அறிந்திருந்தனர்.

விழா மலர்களிற் கட்டடம் எழுப்பியோர் பெயர்கள் இடம்பெறுதல் முறையே. மாலையில் யன்னல்களைச் சாத்தி, நூல்களைத் தூசி தட்டி, வாங்குகளை மழைச்சாரலிலிருந்து நகர்த்தி வைத்த ஊழியர் பலரின் பெயர்களோ எங்கும் பொறிக்கப்படவில்லை. அவர்களையும் இந்நாளில் நன்றியுடன் நினைவுகூர்வோமாக.