பயோவேர்: பேரு அதே, தறி வேற

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை வைக்க முடியல. இந்த வாரம் சேர்ந்தாப்ல மூணு நாள் லீவு கிடைச்சுது, காஞ்சிபுரத்துக்கு வந்தாச்சு. ரொம்ப நாளா மனசுல ஓடிக்கிட்டு இருந்த விஷயத்தை இன்னிக்கு இறக்கி வெச்சிடலாம்னு உக்காந்துட்டேன்.

விஷயம் பயோவேர். கம்ப்யூட்டர்ல ரோல் பிளேயிங் கேம் ஆடுறவங்க நாலு பேர் கூடினா, அடுத்த அஞ்சாவது நிமிஷம் ரெண்டு கட்சி ஆயிடும். ஒரு கட்சி "பயோவேர் செத்துப் போச்சு, பழைய கேமோட எல்லாம் முடிஞ்சுது"ன்னும். இன்னொரு கட்சி "அட போங்கய்யா, சின்ன வயசுல பார்த்ததெல்லாம் இனிக்கத்தான் செய்யும்"னும். நம்ம ஊரு இளையராஜா - ரஹ்மான் சண்டை மாதிரி இதுக்கு முடிவே கிடையாது.

கேம் ஆடாதவங்களுக்கு ஒரு சின்ன முன்கதை. 1995ல கனடா நாட்டு எட்மண்டன்ல மூணு டாக்டருங்க சேர்ந்து ஆரம்பிச்ச கம்பெனி இது. நெசமாவே எம்.பி.பி.எஸ். மாதிரி படிச்ச டாக்டருங்கதான்: ரே மூசிகா, கிரெக் செஸ்சக், அகஸ்டின் யிப். 1998ல பால்டர்ஸ் கேட், 2000ல அதோட ரெண்டாம் பாகம், 2003ல ஸ்டார் வார்ஸ் கதையை வெச்சு நைட்ஸ் ஆஃப் தி ஓல்டு ரிபப்ளிக், 2007ல மாஸ் எஃபெக்ட், 2009ல டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ். தொட்டதெல்லாம் பொன்னுன்னு சொல்வாங்களே, அப்படி ஒரு பத்து வருஷம். 2007ல எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அவங்களை வாங்கப் போறதா அறிவிச்சுது. 2012ல மூசிகாவும் செஸ்சக்கும் கம்பெனியை விட்டே போயிட்டாங்க.

இப்ப என்னோட தகுதி. பால்டர்ஸ் கேட் வந்தப்ப நான் தவழ்ந்துகிட்டு இருந்தேன். அதனால "சின்ன வயசு ஞாபகம்"ங்கற குற்றச்சாட்டு எனக்குப் பொருந்தாது. நான் ஆடின வரிசையே தலைகீழ். ஸ்கூல் படிக்கும்போது சித்தப்பா பையன் சிஸ்டத்துல மாஸ் எஃபெக்ட் 2. அப்புறம் டிராகன் ஏஜ். 2012 பவர்கட் காலம் அது. எப்ப கரண்ட் போகும்னு தெரியாததால அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் சேவ் பண்ணிப் பண்ணி விரல் தேஞ்சு போச்சு. பால்டர்ஸ் கேட் 2 ஆடினது காலேஜ் ஹாஸ்டல்லதான், அது வந்து பதினஞ்சு வருஷம் கழிச்சு. ஆக புதுசுல இருந்து பழசுக்குப் போனவன் நான். போன இடம் பிடிச்சுப் போச்சுன்னா, அதுக்கு ஞாபகத்தைத் தாண்டி ஏதோ காரணம் இருக்கணும் இல்லையா?

முதல்ல பழசோட குறையைச் சொல்லிடறேன், இல்லன்னா ஒருதலைப்பட்சம்னு அடிக்க வருவீங்க. பால்டர்ஸ் கேட்ல தாக்கோன்னு ஒரு கணக்கு உண்டு. கவசத்தோட எண் குறையக் குறைய பாதுகாப்பு கூடும். இன்ஜினியரிங் கணக்குப் பேப்பர் பாஸ் பண்ணின எனக்கே ரெண்டு நாள் ஆச்சு புரிய. ஒரு இடத்துக்குப் போங்கடான்னு ஆறு பேருக்குக் கட்டளை குடுத்தா, நாலு பேரு போவான், ரெண்டு பேரு சுவத்துல முட்டிக்கிட்டு ஊரைச் சுத்திக்கிட்டு வருவான். மாஸ் எஃபெக்ட் முதல் பாகத்துல மாக்கோன்னு ஒரு வண்டி, மலை மேல ஏத்துறதுக்குள்ள நமக்கு மூச்சு வாங்கிடும். படமும் பளபளப்பும் பார்த்தா இன்னிக்கு வர்ற கேம் பக்கத்துல நிக்க முடியாது.

அப்புறம் என்னதான்யா இருக்கு அதுல?

கூட வர்ற ஆளுங்க. அதுதான் விஷயம். பால்டர்ஸ் கேட் 2ல கெல்டார்ன்னு ஒரு நியாயவான், விக்கோனியான்னு ஒரு இருட்டு எல்ஃப் பொண்ணு. ரெண்டு பேரையும் ஒரே கூட்டத்துல வெச்சுகிட்டா, ஒரு நாள் அவங்களுக்குள்ள வெட்டுக்குத்து ஆகி ஒருத்தர் பொணமாத்தான் விழுவாங்க. நீங்க பார்த்துப் பார்த்துத் தேத்தின ஆளு, அவ்வளவுதான், போச்சு. டிராகன் ஏஜ்ல ஆரம்பத்துல இருந்து கூடவே வந்து ஜோக்கடிக்கற அலிஸ்டேர், துரோகி லோகெயினை நீங்க மன்னிச்சுச் சேர்த்துகிட்டா, "அப்ப நான் எதுக்கு"ன்னு கிளம்பிடுவான். மாஸ் எஃபெக்ட்ல விர்மையர்ங்கற கிரகத்துல ஆஷ்லியா, கெய்டனான்னு ஒருத்தரை மட்டும்தான் காப்பாத்த முடியும். அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல, சத்தியமா!

இதை எங்க ஊரு பாஷையில சொன்னா சட்டுனு புரியும். பிள்ளையார்பாளையத்துல தறிச் சத்தத்துல பொறந்து வளர்ந்தவன் நான், எங்க அப்பா தறியில உக்காந்தவர். காஞ்சிபுரம் பட்டுல கோர்வைன்னு ஒண்ணு இருக்கு. சேலையோட உடலும் கரையும் வேற வேற நிறம். மூணு நாடா போட்டு, ஒவ்வொரு இழையிலயும் உடல் நூலையும் கரை நூலையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டி நெய்யணும். நெய்யறவர் ஒருத்தர், பக்கத்துல கரை நாடா தள்ள இன்னொருத்தர். நேரம் பிடிக்கும், கூலியும் கூட. ஆனா சேலை கிழிஞ்சாலும் கரை பிரியாதுன்னு பெருமையா சொல்வாங்க.

பழைய பயோவேர் கேம்ல சண்டை உடல், கதை கரை. நீங்க யாரைக் கூட வெச்சிருக்கீங்கங்கறது சண்டைக்கும் வேணும், கதைக்கும் வேணும். அலிஸ்டேர் போயிட்டா ஒரு நண்பனும் போறான், முன்னால நின்னு அடி வாங்குற கேடயமும் போகுது. வலி ரெண்டு பக்கமும் இருக்கும். மாஸ் எஃபெக்ட் 2ல இது உச்சம். கடைசி ஆபரேஷன்ல யாரை எந்த வேலைக்கு அனுப்புறீங்க, அவங்க பிரச்சனையை முன்னாடி தீர்த்து வெச்சீங்களா, கப்பலுக்குச் செலவு பண்ணினீங்களா, எல்லாத்தையும் கணக்குப் பார்த்துத்தான் யார் உயிரோட திரும்புவாங்கன்னு முடிவாகும். முழுக்க முழுக்கக் கோர்வை.

சரி, புதுசுக்கு வருவோம். 2011ல டிராகன் ஏஜ் 2. ஒன்றரை வருஷத்துக்கும் குறைவா அவசர அவசரமா செஞ்சது. அதே குகை, அதே கிடங்கு, திரும்பத் திரும்ப. ஆனா ஆளுங்க நல்லா இருந்தாங்க, அதனால எனக்குப் பிடிக்கும். 2012ல மாஸ் எஃபெக்ட் 3, கடைசிப் பத்து நிமிஷத்துக்காக ஊரே திட்டிச்சு. முடிவை நீட்டி இலவசமாவே ஒரு பாகம் குடுத்தாங்க. 2014ல இன்க்விசிஷன், அந்த வருஷ கேம் அவார்ட்ஸ்ல முதல் பரிசு. நல்ல கேம்தான், ஆனா ஹின்டர்லேண்ட்ஸ்ங்கற ஒரே இடத்துல செடி பறிச்சே இருபது மணி நேரம் போச்சு எனக்கு. அதுக்கு அப்புறம் வந்த ட்ரெஸ்பாசர்ங்கற கூடுதல் பாகம் இருக்கே, பழைய பயோவேர் வாசனை அப்படியே அடிக்கும்.

2017ல ஆண்ட்ரோமெடா. ஓடியாடி சுடுறது மாஸ் எஃபெக்ட் வரிசையிலேயே இதுலதான் சூப்பர். ஆளுங்க முகம்தான் பொம்மை மாதிரி. 2019ல ஆந்தம். பறக்குறது பிரமாதம், பறந்து போய் என்ன பண்றதுன்னுதான் யாருக்கும் தெரியல. ஆன்லைன் இல்லாம ஆட முடியாத கேம்ங்கறதால, 2026 ஜனவரி 12ல சர்வரை மூடினதோட கேமே காலி. காசு குடுத்து வாங்கினவன் டிஸ்க்கை டீ டம்ளருக்கு அடியில வைக்கலாம்.

கடைசியா 2024 அக்டோபர் 31ல டிராகன் ஏஜ்: தி வெயில்கார்ட். இன்க்விசிஷனுக்கு அப்புறம் பத்து வருஷம். எங்க ஊரு அத்திவரதர் நாப்பது வருஷத்துக்கு ஒரு தரம் குளத்துல இருந்து வெளிய வருவார். 1979க்கு அப்புறம் 2019. அந்தப் பொறுமை இருக்கிற ஊர்க்காரனுக்குப் பத்து வருஷம் பெரிசில்லதான். ஆனா வந்ததும் என்ன ஆச்சு? முந்தின மூணு கேம்ல நாம எடுத்த முடிவெல்லாம் மூட்டை கட்டி வெச்சிட்டு, மூணே மூணு கேள்வி கேட்டாங்க. எந்த ராஜாவை உக்கார வெச்சோம், யாரை மன்னிச்சோம், ஒண்ணும் கணக்குல இல்ல. கூட வர்றவங்க சண்டையில சாகவும் மாட்டாங்க, நம்ம கையில முழுசா வரவும் மாட்டாங்க. பக் இல்லாம வழுவழுன்னு ஓடிச்சு, அதை ஒத்துக்கணும். கடைசி ரெண்டு மணி நேரம் அசத்தல், மாஸ் எஃபெக்ட் 2 ஞாபகம் வந்துச்சு. நடுவுல இருக்கிற அம்பது மணி நேரம்தான் கரை தனியா, உடல் தனியா. எதிர்பார்த்ததுல பாதிதான் தேறிச்சுன்னு 2025 ஜனவரியில எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸே சொல்லிடுச்சு.

ஏன் இப்படி? பொட்டி தட்டுறவன்ங்கற முறையில எனக்குப் புரிஞ்சதைச் சொல்றேன்.

ஒண்ணு, தறி மாறினது. இன்க்விசிஷன்ல இருந்து ஃப்ராஸ்ட்பைட்ங்கற எஞ்சின். அது ஸ்வீடன்ல இருக்கிற டைஸ் கம்பெனி பேட்டில்ஃபீல்ட் மாதிரி சுடுற கேமுக்காகச் செஞ்சது. ரோல் பிளேயிங்குக்கு வேணும்ங்கற பை, பேச்சு, சேவ் எல்லாத்தையும் இவங்களே உக்காந்து எழுத வேண்டியிருந்துச்சு. வேட்டி நெய்யற தறியில பட்டு நெய்யச் சொன்ன கதை.

ரெண்டு, திட்டம். ஆந்தம் பத்தி ஜேசன் ஷ்ரையர் 2019ல கொடாக்குல ஒரு நீளமான கட்டுரை எழுதினார். ஆறு வருஷத்துக்கு மேல ஓடின ப்ராஜெக்ட்ல நெசமான வேலை நடந்தது கடைசி ஒன்றரை வருஷம்தானாம். "கடைசி நேரத்துல எல்லாம் கூடி வந்துடும்"ங்கற நம்பிக்கைக்கு உள்ளுக்குள்ள "பயோவேர் மேஜிக்"னு பேரே வெச்சிருந்தாங்களாம். ரிலீசுக்கு முன்னாடி ராத்திரி பீட்சா தின்னுகிட்டு கோடு எழுதுற எல்லாருக்கும் அந்த மேஜிக் தெரியும். அதுக்கு விலை யார் உடம்புல இருந்து போகுதுன்னும் தெரியும்.

மூணாவதுதான் எனக்கு முக்கியம். ஆளுங்க. ஆரிஜின்ஸ் கதையைத் தலைமை தாங்கி எழுதின டேவிட் கெய்டர் 2016ல போயிட்டார். பால்டர்ஸ் கேட் 2ஐ வடிவமைச்ச ஜேம்ஸ் ஓலன் 2018ல. அவங்களாவது தானா போனவங்க. 2023 ஆகஸ்ட்ல அம்பது பேரை வீட்டுக்கு அனுப்பினாங்க பாருங்க, அதுல பால்டர்ஸ் கேட் காலத்துல இருந்து எழுதிக்கிட்டு இருந்த லூக்காஸ் கிறிஸ்ட்ஜான்சனும், வாரிக்ங்கற பாத்திரத்தை உருவாக்கின மேரி கிர்பியும் இருந்தாங்க. வெயில்கார்ட் வெளிய வரவேயில்ல அப்ப. 2025 ஜனவரியில இன்னொரு சுத்து.

லே-ஆஃப் லிஸ்ட்ல பேரு வந்தவன் லேப்டாப்பைத் திருப்பிக் குடுத்துட்டுப் போறதை நானும் பார்த்திருக்கேன். கோடு எல்லாம் சர்வர்லயே இருக்கும், ஒரு வரி குறையாது. ஆனா அந்த வரி ஏன் அப்படி எழுதப்பட்டுதுங்கறது அந்த ஆளோட லிஃப்ட்ல இறங்கிப் போயிடும். எங்க தெருவுலயும் இதுதான் கதை. பக்கத்துல உக்காந்து நாடா தள்ள ஆள் கிடைக்கலன்னு கோர்வையை விட்டுட்டு ஒத்தைச் சேலைக்கு மாறினவங்க எத்தனையோ பேர். அப்பா கையில இருந்த வித்தை என் கையில வரல, நான் கீபோர்டு பக்கம் வந்துட்டேன். கடை போர்டுல மட்டும் காஞ்சிபுரம் பட்டுன்னு பெரிசா எழுதியிருக்கும். பேரு எங்கயும் போகாது, கைதான் போகும்.

"காலம் மாறிப்போச்சு, அந்த மாதிரி கேமை இப்ப யாரு ஆடுவா?"ன்னு சிலர் சொல்வாங்க. அதுக்குப் பதில் 2023 ஆகஸ்ட்லயே வந்தாச்சு: பால்டர்ஸ் கேட் 3. செஞ்சது பெல்ஜியம் நாட்டு லாரியன். ஆற அமர மாறி மாறி அடிக்கிற சண்டை, நூறு மணி நேரக் கதை, கோவிச்சுகிட்டுப் போற கூட்டாளிங்க, எல்லாம் பழைய சரக்கு. அந்த வருஷ முதல் பரிசு அதுக்குத்தான், கோடிக்கணக்குல வித்துச்சு. ஆக வாங்குறவன் மாறல. நெய்யறதுக்கு ஆளும், அவங்களுக்கு வேணும்ங்கற நேரமும்தான் வேற வீட்டுக்குப் போயிருக்கு.

அதனால என் தீர்ப்பு: புதுசு பழசுக்கு ஈடு இல்ல. பளபளப்புல, ஓட்டத்துல, சண்டையில எல்லாம் புதுசுதான் மேல. நாம செஞ்சதை ஞாபகம் வெச்சுகிட்டுத் திருப்பிக் கேக்குற அந்த ஒரு குணத்துல பழசு எங்கேயோ நிக்குது. பயோவேர் கேமை நாம வாங்கினதே அந்த ஒண்ணுக்காகத்தான்.

புதுசா ஆட வர்றவங்க 2021ல வந்த மாஸ் எஃபெக்ட் லெஜண்டரி எடிஷன்ல ஆரம்பிங்க, மூணு பாகமும் ஒரே பொட்டலம், தள்ளுபடியில பிரியாணி விலைக்கு வரும். அடுத்து ஆரிஜின்ஸ். பொறுமை இருந்தா பால்டர்ஸ் கேட் 2. வெயில்கார்டை ஆஃபர்ல மட்டும் வாங்குங்க, கடைசி ரெண்டு மணி நேரத்துக்காக.

அடுத்த மாஸ் எஃபெக்ட் வேலை நடக்குதாம். எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸையே 55 பில்லியன் டாலருக்கு வாங்கப் போறோம்னு 2025 செப்டம்பர்ல சவுதி முதலீட்டு நிதியும் கூட்டாளிங்களும் அறிவிச்சாங்க. முதலாளி யாருங்கறதை விட, ட்ரெய்லர் வந்ததும் நான் பார்க்கப் போறது கதை எழுதினது யாருங்கற வரியைத்தான். பழைய கை ஒண்ணு ரெண்டாவது அதுல இருந்தா முதல் நாளே முழு விலை குடுத்து வாங்குவேன்.

பி.கு: மின்ஸ்க், பூ பத்தி ஏன் எழுதலன்னு சண்டைக்கு வராதீங்க. அந்த வெள்ளெலிக்குத் தனிப் பதிவே போடணும் :-)