கைக்கு முன்னால் கால்

சாஃப்ட்பால் என்ற பெயரிலேயே ஒரு பொய் இருக்கிறது. பந்து மெத்தென்று இருக்காது. 1887-ல் சிகாகோ நகரத்துக் கிளப் ஒன்றில், சுருட்டிக் கட்டிய குத்துச்சண்டைக் கையுறையைப் பந்தாகவும் துடைப்பக் கட்டையை மட்டையாகவும் வைத்து ஆரம்பித்த ஆட்டம் இது. அன்று மென்மையாக இருந்திருக்கலாம். இன்றைய பந்துக்கு 12 அங்குலச் சுற்றளவு. கனம் 180 முதல் 200 கிராம் வரை. கிரிக்கெட் பந்தைவிட அதிகம். பேட்டின் தப்பான இடத்தில் அது முதன்முறை பட்டால் உள்ளங்கையில் மின்சாரம் பாய்ந்ததுபோல் இருக்கும். பல சிறுமிகள் அந்த ஒரு அதிர்ச்சியோடு பேட்டை வைத்துவிட்டு, "நான் ஃபீல்டிங்கே பண்றேன் ஸார்" என்று நழுவிவிடுகிறார்கள்.

அப்படி நழுவுகிறவர்களைத் திருப்பி அழைப்பதுதான் மகாராஷ்டிரத்தின் ஜல்காவ் மாவட்டத்தில் ஒரு பள்ளி உடற்பயிற்சி ஆசிரியருக்கு மாலை நேர வேலை. சுற்றிலும் வாழைத் தோட்டம், அதைத் தாண்டினால் பருத்தி. மைதானம் என்பது மரியாதைக்குச் சொல்வது. மழைக்காலத்தில் கரிசல் மண் ஷூவோடு சேர்ந்து வரும், வெயிலில் அதே மண் வெடித்துப் பந்தை நினைத்த பக்கம் திருப்பும். ஆசிரியர் ஐம்பதைத் தாண்டியவர். கழுத்தில் எப்போதும் விசில். அதை அவர் ஊதி யாரும் கேட்டதில்லை.

கிரிக்கெட் நாட்டில் சாஃப்ட்பாலுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். மாவட்டம், மண்டலம், மாநிலம் என்று ஏறிப் போகும் பள்ளிப் போட்டிகளின் பட்டியலில் இந்த ஆட்டமும் இருக்கிறது. மாநில அளவில் ஆடியதற்கான சான்றிதழ் மகாராஷ்டிரத்தில் வெறும் காகிதமில்லை. பொதுத்தேர்வில் சலுகை மதிப்பெண்ணுக்கு அது உதவும். இன்னும் மேலே போய் ஆடியவர்களுக்கு மாநில அரசு வேலைகளில் 5 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. கிரிக்கெட் கிட் வாங்க வழியில்லாத வீட்டுப் பெண்ணுக்கு இது திறந்திருக்கும் ஒரு சின்னக் கதவு. ஒலிம்பிக் கனவெல்லாம் அங்கே யாருக்கும் இல்லை. 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, 2028 லாஸ் ஏஞ்சலீஸ் போட்டிகளில் கிரிக்கெட்டோடு சேர்த்து பேஸ்பால்-சாஃப்ட்பாலுக்கும் இடம் கொடுத்தது. கிரிக்கெட்டுக்காக நாடே குதூகலித்தது. அந்த இன்னொரு பெயரைக் கவனித்தவர்கள் குறைவு.

ஒன்பது வயதுச் சிறுமியிடம் பேட்டைக் கொடுத்து அடிக்கச் சொன்னால் என்ன செய்வாள்? தலைக்கு மேல் தூக்கி, கையை மட்டும் வீசி, கீழே போடுவாள். "இது துணி துவைக்கிற அடி" என்கிறார் ஆசிரியர். ஆற்றங்கரையில் அம்மா கட்டையால் துணியை அடிப்பதைப் பார்த்து வளர்ந்த கை. சந்தில் பையன்களோடு கிரிக்கெட் ஆடியவளாக இருந்தால் வேறு சிக்கல்: முன்காலை நீட்டி, முழங்கையை உயர்த்தி, பேட்டைச் செங்குத்தாக இறக்குவாள். பந்து தரையில் பட்டு எழும் ஆட்டத்துக்கு அது சரி. இங்கே பந்து தரையைத் தொடுவதே இல்லை. 43 அடி தூரத்திலிருந்து, இடுப்பை ஒட்டிச் சுழன்று வரும் கையிலிருந்து, நேராக வருகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் பிட்சராக இருந்தால் அரை வினாடிக்கும் குறைவான நேரம்தான். பள்ளி அளவில் வேகம் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். அப்போதும் யோசிக்க நேரமில்லை. உடம்பு யோசிக்காமல் செய்தாக வேண்டும்.

எனவே அவர் முதல் வாரம் பேட்டையே கொடுப்பதில்லை. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, முடிச்சை நடுவில் வைக்கச் சொல்கிறார். ஒரு கம்பை முதுகுக்குப் பின்னால் இரு முழங்கை மடிப்பிலும் செருகிக்கொள்ள வேண்டும். கால்களைத் தோள் அகலத்துக்குச் சற்றுக் கூடுதலாக விரித்து, முழங்காலை லேசாக மடித்து, பிட்சருக்குப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். முதலில் எடை பின்காலுக்குப் போகிறது. பிறகு முன்கால் ஒரு சாண் மட்டும் முன்னே நகர்ந்து, முட்டை மேல் வைப்பதுபோல் மெதுவாக ஊன்றுகிறது. அது ஊன்றிய பிறகுதான் இடுப்பு திரும்பலாம். "முடிச்சு பிட்சரைப் பார்க்கட்டும்!" என்று குரல் கொடுக்கிறார். இருபது முடிச்சுகள் பிட்சர் நிற்க வேண்டிய வெற்றிடத்தைப் பார்க்கின்றன. யாரையும் அவர் தொட்டுத் திருத்துவதில்லை. தோளோ முழங்கையோ சரியில்லை என்றால் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வந்து சரிசெய்கிறாள்.

இதில் முக்கியம் வரிசை. கால், இடுப்பு, மார்பு, தோள், கை, கடைசியில் பேட். மாட்டு வண்டிக்காரர் சாட்டையை வீசும்போது கைப்பிடி முதலில் நகர்கிறது. நுனி கடைசியில் வந்து சுளீரென்கிறது. அதே கதைதான். இடுப்பு திரும்பத் தொடங்கும்போது கைகள் பின்தோளின் அருகிலேயே காத்திருக்க வேண்டும். அந்தக் கணநேரக் காத்திருப்பில்தான் அடியின் பலமெல்லாம் சேர்கிறது. கேட்க எளிது. பன்னிரண்டு வயதுக் கைக்குக் காத்திருப்பதைப்போலக் கஷ்டம் எதுவுமில்லை. பந்தைப் பார்த்ததும் அது பாய்ந்துவிடும்.

பழைய கையேடுகளில் 'பின்காலால் பூச்சியை நசுக்கு' என்று ஒரு மந்திரம் உண்டு. பாதத்தைத் திருகினால் இடுப்பு தானே திரும்பும் என்பது கணக்கு. பாதம் அழகாகத் திருகும், எடை மட்டும் பின்னாலேயே தங்கிவிடும். சரியான அடியில் முன்கால் சுவர்போல் விறைத்து நிற்கிறது, உடம்பு அதன்மேல் மோதித் திரும்புகிறது, பின்காலில் விரல்நுனி மட்டும் தரையில் மிஞ்சுகிறது. இன்னொரு மந்திரம், 'மேலிருந்து கீழே வெட்டு'. வரும் பந்து லேசாக இறங்கிக்கொண்டே வருகிறது. பேட்டும் இறங்கினால் இரண்டும் சந்திப்பது ஒரே ஒரு புள்ளியில். பேட் பந்தின் மட்டத்துக்கு வந்து, கொஞ்சம் ஏறுமுகமாகப் போனால், ஒரே தண்டவாளத்தில் எதிரெதிராக வரும் ரயில்களைப்போல மோதல் நிச்சயம். நேரம் சற்று முன்பின் ஆனாலும் பேட்டில் பந்து படும்.

பிறகு தான் பேட். அதிலும் சங்கடம். பள்ளியில் இருப்பவை இரண்டு. இரண்டும் 34 அங்குலம், விதி அனுமதிக்கும் உச்ச நீளம். முப்பது கிலோ எடையுள்ள சிறுமி அதைத் தூக்கினால் பின்தோள் சரிந்து, பந்து அந்தரத்தில்தான் போகும். பேட்டை ஒரு கையால் பக்கவாட்டில் நீட்டி 20 வினாடி பிடிக்கச் சொல்கிறார். நுனி தாழ்ந்தால் அந்த பேட் அவளுக்குக் கனம். எல்லோருக்குமே தாழ்கிறது. வேறு வழியில்லாமல், அடிக்குமிழிலிருந்து நாலு விரல் மேலே தள்ளிப் பிடிக்கச் சொல்கிறார். உள்ளங்கையில் அல்ல, விரல்களில். கதவு தட்டும் கணுக்கள் இரண்டு கையிலும் ஒரே வரிசையில். பந்தை நிறுத்தி அடிக்கும் 'டீ'கூடக் கடையில் வாங்கியதல்ல. சொட்டுநீர்ப் பாசனக்காரர் கொடுத்த பிளாஸ்டிக் குழாய், அதன் தலையில் சைக்கிள் ட்யூப். ஒரு நாளைக்கு ஆளுக்கு ஐம்பது அடி. பழைய ஸ்கூட்டர் டயர் ஒன்று வேப்பமரத்தில் தொங்குகிறது. அதை அடித்தால் கையால் அடித்ததா, உடம்பால் அடித்ததா என்று சத்தமே சொல்லிவிடும்.

இத்தனையும் தேவையா என்ற கேள்வி மாவட்டப் போட்டி நெருங்கும்போது எழும். குறுக்கு வழி ஒன்று எல்லோருக்கும் தெரியும். பந்தைத் தரையில் குத்து, ஓடு. முதல் பேஸ் 60 அடி தூரம். வேகமான பெண் மூன்றரை, நாலு வினாடியில் தொட்டுவிடுவாள். 14 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் அதற்குள் பந்தைப் பொறுக்கிச் சரியாக எறியும் ஃபீல்டர்கள் அபூர்வம். வெடித்த மண் வேறு துணைக்கு வரும். ஒரே மாதத்தில் சொல்லிக்கொடுத்துக் கோப்பை வாங்கிவிடலாம். பலர் வாங்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதும் அவ்வளவு சுலபமில்லை. தலைமையாசிரியரின் அலமாரியில் வைக்கக் கோப்பைதான் வேண்டும், ஸ்விங்கை அங்கே வைக்க முடியாது.

அப்படிக் கற்று வந்தவள்தான் ஆட்டோ ஓட்டுநரின் மகள் ஒருத்தி. வேறு பள்ளியில் 14 வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடி, கோப்பையோடு இங்கே சேர்ந்தாள். கால்களில் அப்படியொரு வேகம். 17 வயதுக்குட்பட்டோர் பிரிவுக்கு வந்ததும் கதை மாறியது. அங்கே ஷார்ட்ஸ்டாப் பெண்கள் பந்தை விடுவதில்லை. அவள் பாதி தூரம் ஓடுவதற்குள் பந்து முதல் பேஸில் காத்திருந்தது. ஆசிரியர் அவளை டீயின் முன்னால் நிறுத்தினார். துப்பட்டா முடிச்சிலிருந்து மறுபடி ஆரம்பம்.

ஒரு பழக்கத்தைக் கலைத்து இன்னொன்றை வைக்கும் இடைவெளி பரிதாபமானது. பழைய குத்தும் வராது, புதிய வீச்சும் கைகூடாது. பயிற்சி ஆட்டங்களில் அவள் தொடர்ந்து ஸ்டிரைக்-அவுட் ஆனாள். முன்பு எப்படியாவது பேஸுக்குப் போனவள், இப்போது பந்தையே தொடவில்லை. ஒரு மாலை அவளுடைய அப்பா ஆட்டோவை வேலியோரம் நிறுத்திவிட்டு வந்தார். "ஸார், போன வருஷம் கப்போட வந்தா. இந்த வருஷம் அழுதுகிட்டு வர்றா. நீங்க கத்துக்கொடுக்கறீங்களா, மறக்கடிக்கறீங்களா?"

"ரெண்டும்தாங்க" என்றார் ஆசிரியர்.

அப்பாவின் கேள்வி நியாயமானதே. பத்து வயதுக் குழந்தைக்கு ஒரு வருடம் போனால் போகட்டும். பதினான்கு வயதுப் பெண்ணுக்கு அப்படியில்லை. பத்தாம் வகுப்போடு மைதானத்தை விட்டு நிறுத்தப்படும் பெண்கள் அந்த ஊரில் கொஞ்சமல்ல. அவளுக்கு மிச்சமிருப்பது இரண்டு சீசனாக இருக்கலாம், ஒன்றாகவும் இருக்கலாம். அதில் ஒன்றை எடுத்துச் 'சரியான முறை'க்குக் கொடுப்பது யாருடைய உரிமை? மாவட்டத்தில் தோற்றால் அணி மண்டலப் போட்டிக்குப் போகாது. சான்றிதழும் அந்த வருடத்துக்கு அவ்வளவுதான். ஆசிரியருக்கு இதெல்லாம் தெரியும். அவர் அவளிடமே கேட்டார்: போட்டியில் பழையபடி குத்திவிட்டு ஓடுகிறாயா, தடையில்லை. அவள் இரண்டு நாள் பதில் சொல்லவில்லை. மூன்றாம் நாள் டீயை எடுத்து வந்து நட்டுவிட்டு, "முன்கால் சீக்கிரம் திரும்பிடுது ஸார், பாருங்க" என்றாள்.

ஆசிரியரிடம் ஒரு நோட்டு இருக்கிறது. ஸ்கோர் புத்தகம் அல்ல. ஒவ்வொரு பெண்ணின் பெயருக்கு எதிரிலும் பந்து பேட்டை விட்டு எப்படிப் போனது என்பது மட்டும்: தரையோடு போனால் ஒரு புள்ளி, அந்தரத்தில் எழும்பினால் ஒரு வட்டம், தோள் உயரத்தில் சீறிப் போனால் ஒரு கோடு. அவுட்டா இல்லையா என்பதற்கு அதில் இடமே கிடையாது. அவளுடைய பக்கத்தில் புள்ளிகள், பிறகு நீண்ட வெற்றிடம், பிறகு வட்டங்கள்.

மாவட்டப் போட்டியில் அணி இரண்டாவது சுற்றோடு வெளியேறியது. கடைசி இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், இரண்டாவது பேஸில் ஒருத்தி. இவள் முதல் பந்தை விட்டாள். இரண்டாவதை அடித்தாள். பந்து ஷார்ட்ஸ்டாப்பின் தலைக்கு மேலே சீறிப் போக, முன்னே வந்து நின்றிருந்த சென்டர் ஃபீல்டர் திரும்பிப் பின்னால் ஓடி, கையுறையை நீட்டிக் கடைசி விரலில் பிடித்துவிட்டாள். ஆட்டம் முடிந்தது. இவள் முதல் பேஸைத் தாண்டி இரண்டாவதுக்குப் பாதி வழியில் இருந்தாள். அங்கேயே நின்று அந்தக் கையுறையைப் பார்த்தாள்.

பேட்டைப் பொறுக்கிக்கொண்டு வந்தவள் கேட்டாள், "அவுட்தானே ஸார்?"

"அவுட்தான்" என்றவர், நோட்டைத் திறந்து கோடு போட்டார்.