கொல்லை அடுப்பு

நாய்க்கும் பூனைக்கும் உணவு சமைத்தலைப் பொருளாகக் கொண்டு ஒரு கட்டுரை வரையப் போகின்றேன் என்றபோது நண்பர் சிலர் நகைத்தனர். ஆண்டு மலரின் தமிழ்ப் பகுதிக்கு எழுத எத்துணையோ உயர்ந்த பொருள்கள் இருக்க, இஃதென்ன பொருள் என்பது அவர் கருத்து. உணவே உயிர்க்கு முதல் என்பதை ஒப்புவோர், அவ்வுயிர் நான்கு கால்களால் நடப்பது பற்றி அதனைச் சிறிதென ஒதுக்குதற்குக் காரணம் யான் காண்கிலேன். ஆகவே எழுதலானேன்.

தாம்பரத்திற்கும் செங்கற்பட்டிற்கும் இடையே இருப்புப்பாதையும் நெடுஞ்சாலையும் இணைந்து செல்லும் வழியில் உள்ளது எம்மூராகிய சிங்கப்பெருமாள் கோவில். பாறையைக் குடைந்து அமைக்கப்பெற்ற நரசிங்கப் பெருமாள் கோயிலால் ஊர் அப்பெயர் பெற்றது. சிங்கமும் பூனையும் ஒரு குலத்தன. ஆதலின் பூனையைப் பற்றிப் பேச எம்மூரார்க்குத் தனியுரிமை உண்டென வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆங்கே என் தந்தையாரின் தமக்கையார், என் அத்தை, கணவரை இழந்தபின் தனித்து வாழ்கின்றார். மரக்கறி உணவன்றிப் பிறிதொன்று புகுந்தறியாத இல்லம் அது.

அத்தை ஒரு பூனையை வளர்த்து வந்தார். தாம் உண்டதையே அதற்கும் இட்டார். காலையிற் பாற்சோறு, இரவில் தயிர்ச்சோறு. வீட்டைவிட்டு வெளியேறாத பூனையாதலின் எலி வேட்டையும் அதற்கு வாய்க்கவில்லை. ஐந்தாம் ஆண்டில் அது அந்திப் பொழுதிற் கதவு நிலையில் மோதலாயிற்று. பின்னர்ப் பகலிலும் மோதிற்று. கால்நடை மருத்துவர் கண்ணைச் சோதித்து, விழித்திரை நலிந்தது என்றும், இனி மீளாது என்றும், உணவின் குறையே காரணம் என்றும் கூறினார். டாரின் என்றொரு சத்து உண்டு. நாய் அதனைத் தன் உடலிலேயே பெரும்பாலும் ஆக்கிக்கொள்ளும். பூனையோ வேண்டுமளவு ஆக்கிக்கொள்ள மாட்டாது. இறைச்சியிலும் மீனிலுமிருந்தே பெறல் வேண்டும். சோற்றிலும் பருப்பிலும் அஃது இல்லை. அது குறையின் கண் மட்டுமன்றி இதயமும் நலியும் என்பதை 1987-ஆம் ஆண்டில் கலிபோர்னியா நாட்டு ஆய்வாளர் நிறுவினர். டப்பாவில் அடைத்து விற்கப்பெற்ற உணவை உண்ட பூனைகளுக்கே அந்நோய் வந்தது என்பது ஈண்டுக் கருதத்தக்கது. அதன் பின்னரே உணவு செய்வோர் அச்சத்தினைக் கூட்டிச் சேர்த்தனர்.

எஞ்சிய நலத்தையேனும் காக்க வேண்டுமாயின் பூனைக்குப் புலால் கொடுத்தே ஆகவேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அத்தை இரண்டு நாள் எவரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை, "விரதம் எனக்குத்தானே அப்பா, வாயில்லாச் சீவனுக்கு அதை ஏன் சுமத்த வேண்டும்? நீ போய் மீன் வாங்கிக்கொண்டு வா" என்றார். கொல்லையிற் கீற்றுக் கொட்டகை ஒன்று எழுந்தது. தனி அடுப்பு, தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, தனிக் கத்தி. அங்குச் சமைத்தபின் நீராடியே இல்லத்துட் புகுவார். இவ்வளவு செய்தும் உறவினர் இருவர் அவ்வில்லத்தில் தண்ணீர் அருந்துதலை நிறுத்திவிட்டனர். அவருள் ஒருவர் அத்தையின் இளமைத் தோழி. அவ்வருத்தத்தை அத்தை சொல்வதில்லை. ஆயினும் நவராத்திரிக் கொலுவின்போது வாயிலை நோக்கி நோக்கி இருந்தார் என்பதை யான் அறிவேன்.

நிற்க. நாய்கள் செய்தி வேறு. வீட்டு நாய் ஒன்றும் தெருநாய்கள் நான்கும் அத்தையின் பொறுப்பில் உள்ளன. மாச்சத்தைச் செரிக்கும் ஆற்றல் ஓநாயினும் நாய்க்கு மிகுதி என்பதையும், அதற்குரிய மரபுக்கூறு நாயினிடத்துப் பல மடங்காகப் பெருகியுள்ளது என்பதையும் 2013-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. மனிதனோடு கூடி உழவர் குடியில் வாழ்ந்ததன் பயன் அது என்பர். தென்பாண்டிச் சீமையில் வேட்டை நாய்களைக் கம்பங்கூழ் ஊற்றி வளர்த்த நம் முன்னோர் இதனை நூல் கல்லாமலே அறிந்திருந்தனர் போலும்.

ஞாயிறும் புதனும் சமையல் நாட்கள். முந்திய மாலை யான் தாம்பரத்திலிருந்து புகைவண்டியில் திரும்புகையில் எலும்பு நீக்கிய கோழியிறைச்சி 4 கிலோவும் அதனோடு சிறிது ஈரலும் வாங்கி வருவேன். ஈரல் மிகலாகாது, அதன் உயிர்ச்சத்து அளவு கடந்தால் நஞ்சு. அரிசி ஒன்றரைக் கிலோ, பரங்கிக்காய் ஒரு கிலோ, கைப்பிடியளவு அவரைக்காய்; இவையெல்லாம் குழைய வெந்தாக வேண்டும். உப்பும் காரமும் இல்லை. வெங்காயமும் பூண்டும் நாய் பூனை இரண்டன் குருதியையும் கெடுக்கும் ஆதலின், மணத்திற்கேனும் அவை சேர்வதில்லை. வெந்த எலும்பு கூராக முறிந்து குடலைக் கிழிக்கும் என்பதனால் அதுவும் விலக்கு. எலும்பு இல்லாத குறையை முட்டையோடு தீர்க்கும். அண்டை வீட்டார் தந்த ஓடுகளைக் கழுவி, வறுத்து, அம்மியில் மாவாக அரைத்து, அரைக் கிலோ இறைச்சிக்கு அரைத் தேக்கரண்டி வீதம் கலப்பார்.

பூனை உணவு பிரஷர் குக்கரில் ஆகும். மத்தி மீனும் கோழியின் இதயமுமே பெரும்பகுதி. மத்தியின் முள் அதில் மாவாகக் கரைந்துவிடும். டாரின் நீரிற் கரையும் இயல்பிற்று. ஆகவே வெந்த நீரைக் கொட்டாமல் உணவோடு சேர்த்தே பிசைவார். ஆறியபின் மருத்துவர் தந்த டாரின் தூளையும் அளந்து தூவுவார்.

சமைப்பதினும் ஆற்றுவது அரிது என்பது என் கருத்து. கத்திரி வெயிலில் ஓர் அண்டாச் சோறு நடுவில் ஆறுதற்குள் மேலே புளித்துவிடும். அதனால் அகன்ற தாம்பாளங்களிற் பரப்பி, நீர் நிறைந்த தொட்டியில் மிதக்கவிட்டு, இரண்டு மணி நேரத்திற்குள் டப்பாக்களில் அடைத்துவிடுவார். இரண்டு நாளைக்குரியது குளிர்பெட்டியின் கீழறையிலும், எஞ்சியது உறைபனி அறையிலும் செல்லும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் மின்சாரம் இரண்டு நாள் நின்றது. நிறைந்த உறைபனிப் பெட்டி திறவாதிருந்தால் அவ்வளவு காலம் தாங்கும். அத்தை அதன் கதவைத் துணியாற் கட்டிவிட்டு, வீட்டு நாய்க்கும் தமக்கும் கஞ்சி காய்ச்சினார்.

எவர் சொல்லும் சமையற் குறிப்பையும் அவர் எளிதில் ஏற்பதில்லை, அது நன்றே. நாய்க்கு இல்லத்திற் செய்யும் உணவுக் குறிப்புக்கள் 200-ஐக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் 2013-இல் ஆராய்ந்தபோது, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தில் இன்றியமையாத சத்து ஒன்றேனும் குறைந்திருந்தது. எம்மூருக்கு வடக்கே சில நிலையங்கள் தள்ளிக் காட்டுப்பாக்கத்தில் விலங்குகளின் உணவை ஆராய்தற்கென்றே ஒரு நிலையம் உள்ளது. படித்த நாமோ அதன் வழியே நாள்தோறும் புகைவண்டியிற் போகின்றோம். இறங்கி ஒரு வினாவும் கேட்டதில்லை.

தெருவில் உணவிடுதலை எதிர்வீட்டார் வெறுத்தனர். அவர் வீட்டில் பள்ளி செல்லும் சிறுவன் உண்டு. அவர் அச்சம் நியாயமானதே. 2023-ஆம் ஆண்டின் விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகளும், உணவிடும் இடம் சிறுவர் ஆடுமிடத்திற்கும் வாயில்களுக்கும் அப்பால் இருத்தல் வேண்டும் என்கின்றன. அத்தை நான்கு நாய்களுக்கும் வெறிநோய்த் தடுப்பூசியும் கருத்தடையும் செய்வித்து, சான்றுச் சீட்டுக்களை எதிர்வீட்டாரிடம் காட்டினார். உணவிடுதலையும் தம் கொல்லைக்குள் மாற்றிக்கொண்டார். கண்ட தெருவில் உணவிடலாகாது என 2025 ஆகஸ்டு 22-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டபோது, அவர் மாற்ற வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை.

சென்ற ஆண்டு முழங்கால் சிகிச்சைக்காக அத்தை பத்து நாள் செங்கற்பட்டில் தங்க நேர்ந்தது. டப்பாக்களில் நாளும் பெயரும் எழுதி ஒட்டி அடுக்கியிருந்தார். தேர்வு நாட்களாதலின் மாலை வேளையை யான் ஏற்க இயலவில்லை. எதிர்வீட்டுச் சிறுவனே வந்து ஏற்றான். முதல் நாளே தொலைபேசியில் அழைத்து, "பாட்டி, பூனை டப்பா ஒன்று மிச்சம் இருக்கிறது. நாய்க்கு வைக்கலாமா?" என்று கேட்டான். "வை கண்ணா. ஆனால் நாய் டப்பாவைப் பூனைக்கு வைத்துவிடாதே" என்றார் அத்தை.